ஹார்ட்லி, மோர் பெட்டர் மற்றும் சில சிரிப்புகள்

மக்களே, இது கொஞ்சம் சீரியஸ் பதிவு. நடுநடுவே மொக்கை வரும், கண்டுக்காதீங்க. நீளமும் ஜாஸ்தி. ஆணி கம்மியா இருக்கிற நேரமா பார்த்து ஒரு டீயோட வந்து உட்காருங்க.

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன், ஜல்லி எல்லாம் அப்புறம். இங்கிலீஷ் பெயரடைகளை (பயந்துடாதீங்க, பள்ளிக்கூடத்துல எட்டு வகைச் சொல்லுன்னு உருப்போட்டோமே, அதுல ஒண்ணு) வினையடை ஆக்கும்போதும், பெயர்ச்சொல் ஆக்கும்போதும், ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடும்போதும் நம்ம ஆளுங்க தப்பு பண்றாங்க. அதைப் பார்த்து நம்ம ஆளுங்களே சிரிக்கிறாங்க. எனக்கு வருத்தம் என்னன்னா, சிரிக்கிற வரிசை தலைகீழா இருக்கு. அர்த்தத்தையே கவுத்துப் போடற தப்பை யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறதில்லை. யாரையும் எதுவும் பண்ணாத தப்புக்கு விழுந்து விழுந்து சிரிக்கிறோம். இதனால நல்லா வேலை தெரிஞ்ச பசங்க வாயை மூடிக்கிறாங்க. இதுதான் மேட்டர்.

தமிழ்நாட்டுல பத்தாங்கிளாஸ் தாண்டின யாருக்கும் 'டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்' மறந்திருக்காது. 'நோ அதர்'னு ஆரம்பிச்சா பாசிட்டிவ். 'தேன் எனி அதர்'னு வந்தா கம்பாரட்டிவ். முன்னாடி 'தி', பின்னாடி 'எஸ்ட்' போட்டா சூப்பர்லேட்டிவ். ராமு உயரமா, சோமு உயரமான்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்காம, வாக்கியத்தை மூணு விதமா மாத்தி எழுதி மார்க் வாங்கிட்டு வந்துடலாம். கூடவே ஒரு அட்டவணை: குட், பெட்டர், பெஸ்ட். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட். வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொல்லுவோம். ஏன் 'குட்டர்' இல்லைன்னு யாரும் கேக்கல, யாரும் சொல்லவும் இல்லை. அட்டவணையில இருக்கு, அவ்ளோதான்.

அந்த அட்டவணையை நம்பி வேலைக்கு வந்தவங்களுக்கு என்ன ஆகுதுன்னு ஒரு கதை சொல்றேன்.

நான் முன்னாடி பொட்டி தட்டிட்டு இருந்த ஒரு கம்பெனி. பேர் வேணாம். எங்க டீம்ல ஒரு தம்பி. பன்னெண்டாங்கிளாஸ் வரைக்கும் தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. வேலையில கில்லி. ஒரு ரிலீஸுக்கு முன்னாடி மூணு வாரம் ராத்திரி பகலா உட்கார்ந்து, யாரும் கை வைக்கப் பயந்த ஒரு பழைய மாட்யூலை மொத்தமா திருத்தி எழுதினான். ரிலீஸ் நல்லபடியா முடிஞ்சு மீட்டிங். யார் யார் என்ன பண்ணீங்கன்னு வரிசையா கேட்டுட்டு வர்றாங்க. இவன் முறை வந்துச்சு. எழுந்து நின்னு, தெளிவா, சத்தமா சொன்னான்: "ஐ ஹார்ட்லி வொர்க்ட் ஆன் திஸ் மாட்யூல்."

மேனேஜர் ஒரு நொடி முழிச்சார். அப்புறம், "பரவாயில்லை, உண்மையையாவது ஒத்துக்கிறியே"ன்னார். ரூமே கொல்லுன்னு சிரிச்சது. அவனும் சேர்ந்து சிரிச்சான், எதுக்குன்னு தெரியாமலே.

சாயங்காலம் டீக்கடையில கேட்டான். "அண்ணே, எல்லாரும் எதுக்குச் சிரிச்சாங்க?"

"நீ அந்த மாட்யூல்ல சரியா வேலையே பாக்கலைன்னு நீயே சொன்ன மாதிரி ஆயிடுச்சுடா."

"ஹார்டா உழைச்சேன்னு தானேண்ணே சொன்னேன்?"

அதுக்கப்புறம் அவன் மீட்டிங்ல வாயைத் திறக்கறதையே விட்டுட்டான். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு கிளையன்ட் கால். ரிப்போர்ட்ல தேதி ஒரு நாள் தள்ளித் தள்ளி வருது, காரணம் தெரியாம ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டு இருக்காங்க. நாப்பது நிமிஷம் ஓடிடுச்சு. அப்போ எனக்கு சாட்ல ஒரு மெசேஜ். 'அண்ணே, டைம் ஸோன் மாத்தறது ரெண்டு இடத்துல நடக்குது, அதான்.' நீயே சொல்லுடான்னு டைப் பண்ணேன். 'வேணாம்ணே, நீங்களே சொல்லிடுங்க.' அவன் பேரைச் சொல்லித்தான் சொன்னேன். ஆனா அந்த வருஷ அப்ரைசல்ல அவனுக்கு வந்த கமென்ட் என்ன தெரியுமா? கம்யூனிகேஷனை வளர்த்துக்கணுமாம்!

சரி, அவன் கேட்ட கேள்விக்கு வருவோம். ஹார்டா உழைச்சேன்னு தானே சொன்னேன்? ரொம்ப நியாயமான கேள்வி. தப்பு எங்கே இருக்குன்னு பார்க்கணும்னா, நம்ம வாயில இங்கிலீஷ் பெயரடை என்ன ஆகுதுன்னு முதல்ல பார்க்கணும்.

தமிழ் பேசறப்ப நாம 'ஸ்லோலி வா'ன்னு சொல்றதில்லை, 'ஸ்லோவா வா'ன்னு சொல்றோம். 'கரெக்ட்லி சொன்னே' கிடையாது, 'கரெக்டா சொன்னே'. ஸ்ட்ராங்கா ஒரு காபி, டீசன்டா ஒரு சட்டை, சைலன்டா உட்காரு. இங்கிலீஷ்காரன் தர்ற வாலை வெட்டிட்டு நம்ம வாலை ஒட்ட வச்சுடறோம். 'ஆக்சுவலி'ங்கிற சொல் முழுசா வந்தாக்கூட விடறதில்லை, அதையும் 'ஆக்சுவலா'ன்னு ஆக்கிட்டோம். ஜெனரலா, டோட்டலா, ஃபைனலா, நார்மலா, எல்லாத்துக்கும் அதே சீவல்தான். பெயருக்கு முன்னாடி வந்தா 'ஆன': ஸ்ட்ராங்கான காபி, சீரியஸான ஆளு. ஒரே ஒரு விதி, விதிவிலக்கே கிடையாது. தமிழ் அழியுதுன்னு கவலைப்படற நண்பர்கள் இந்த ஒரு விஷயத்துல நிம்மதியா தூங்கலாம். சொல் கடன் வாங்கினதா இருக்கலாம், ஆனா அதை ஆட்டி வைக்கிறது நம்ம இலக்கணம்.

இப்போ இதையே திருப்பிப் போடுங்க. தமிழ் மண்டைக்குள்ள ஒரு சின்ன சமன்பாடு உருவாயிடுது: நம்ம '-ஆ' எங்கெல்லாம் வருதோ, இங்கிலீஷ்ல அங்கெல்லாம் '-லி'. ஸ்லோவா, ஸ்லோலி. கரெக்டா, கரெக்ட்லி. சைலன்டா, சைலன்ட்லி. பத்துக்கு ஒன்பது தடவை இது சரியா வரும். அப்போ ஹார்டா? ஹார்ட்லி. ஃபாஸ்டா? ஃபாஸ்ட்லி. இதைச் சொல்றவன் முட்டாள் இல்லை. ஒரு விதியைத் தானா கண்டுபிடிச்சு, ஒழுங்கா அப்ளை பண்றவன். விதிதான் பாதியில காலை வாரி விட்டுடுச்சு.

ஏன் வாருது? இங்கதான் சரித்திரம் வருது, ரெண்டு நிமிஷம் பொறுத்துக்குங்க.

பழைய இங்கிலீஷ்ல வினையடை செய்ய ஒரு வழி, பெயரடை கடைசியில ஒரு 'எ' சேர்க்கிறது. 'ஹார்ட்'டும் 'ஃபாஸ்ட்'டும் அப்படித்தான் வினையடை ஆச்சு. காலப்போக்குல அந்த 'எ' உச்சரிப்புல தேஞ்சு காணாமப் போச்சு. பார்த்தா பெயரடையும் வினையடையும் ஒரே உருவத்துல நிக்குது. 'ஹார்ட் வொர்க்'ல அது பெயரடை, 'வொர்க் ஹார்ட்'ல அது வினையடை. வால் இல்லாம பொறக்கல, வால் தேஞ்சு போச்சு.

இன்னொரு வழிதான் '-லி'. இது எங்கிருந்து வந்ததுன்னு படிச்சப்ப எனக்கே ஜாலியா இருந்தது. உடம்பு, உருவம்னு அர்த்தம் தர்ற ஒரு பழைய சொல் 'லீக்'. ஜெர்மன் மொழியில பிணத்துக்கு 'லைஷெ'ன்னு சொல்றாங்களே, அது இதோட சொந்தக்காரச் சொல். 'மாதிரி'ங்கிற அர்த்தத்துல வர்ற 'லைக்' கூட இதே குடும்பம்தான். ஆக 'ஃப்ரெண்ட்லி'ன்னா ஃப்ரெண்டோட உருவம் கொண்ட, ஃப்ரெண்ட் மாதிரியான. அதனாலதான் ஃப்ரெண்ட்லி, காஸ்ட்லி, லவ்லி எல்லாம் '-லி'ல முடிஞ்சும் பெயரடையா நிக்குது. பழைய மொழியில பெயரடைக்கும் வினையடைக்கும் தனித்தனியா இருந்த ரெண்டு வாலும் தேஞ்சு ஒண்ணாயிடுச்சு. இதுக்கு மேல ஃப்ரெண்ட்லியை வினையடை ஆக்கணும்னா இங்கிலீஷ்ல சுத்தி வளைச்சு 'இன் அ ஃப்ரெண்ட்லி வே'ன்னு நாலு சொல் போடணும். நாம? 'ஃப்ரெண்ட்லியா பேசினாரு'. முடிஞ்சது. :-)

மத்த மொழிகளையும் பாருங்க. பிரெஞ்சுல வினையடை வால் '-மான்', ஸ்பானிஷ்ல '-மென்தே'. ரெண்டும் மனசுங்கிற அர்த்தம் உள்ள லத்தீன் சொல்லுல இருந்து வந்தது. மெதுவான மனசோட செஞ்சா மெதுவா செஞ்சதா அர்த்தம். நம்ம 'ஆக' இருக்கே, அது 'ஆகு'ங்கிற வினை. ஒருத்தர் உடம்பை வச்சு வினையடை செஞ்சாங்க, ஒருத்தர் மனசை வச்சு, நாம ஆகறதை வச்சு. இதுல எது உசத்தி, எது மட்டம்னு சொல்ல ஒண்ணுமே இல்லை.

'ஹார்ட்லி' கதைக்கு வர்றேன். அந்தச் சொல்லும் ஒரு காலத்துல பலமா, கடுமையான்னுதான் அர்த்தம் தந்துட்டு இருந்தது. அப்புறம் 'கஷ்டப்பட்டு'ன்னு ஆச்சு. கஷ்டப்பட்டுத்தான் நடந்ததுன்னா, கிட்டத்தட்ட நடக்கவே இல்லைன்னு அர்த்தம் சாயும் இல்லையா? 'கஷ்டப்பட்டு முப்பத்தஞ்சு மார்க் வாங்கினான்'னு நாமளும்தானே சொல்றோம். அப்படியே நழுவி நழுவி 'அரைகுறையா, இல்லைங்கிற அளவுக்கு'ன்னு வந்து நின்னுடுச்சு. ஆக தம்பி சொன்ன அர்த்தம் அந்தச் சொல்லுக்கு ஒரு காலத்துல நிஜமாவே இருந்தது. சில நூறு வருஷம் லேட், அவ்ளோதான்.

*

அடுத்தது 'மோர் பெட்டர்'. இதுக்குத்தான் நம்ம ஊர்ல அதிகமா சிரிப்பு. இதைச் சொன்னவனுக்கு இங்கிலீஷே தெரியாதுன்னு முத்திரை குத்திடுவாங்க.

தமிழ்ல ஒப்பிடறப்ப பெயரடை மாறவே மாறாது. 'அதை விட இது பெரிசு.' வேலை பூரா 'விட'தான் பார்க்குது, 'பெரிசு' பெரிசாவே இருக்கு. இலக்கணப் புத்தகத்துல காக்காயையும் களாம்பழத்தையும் வச்சு எது கறுப்புன்னு ஒப்பிடுவாங்களே, அங்கேயும் வேலை வேற்றுமை உருபுக்குத்தான், கறுப்புக்கு இல்லை. கால்டுவெல் 1856ல எழுதின ஒப்பிலக்கணத்துலயே இதைக் கவனிச்சுச் சொல்லியிருக்கார்: ஐரோப்பிய மொழிகள் மாதிரி பெயரடையோட வாலை மாத்தி ஒப்பிடற பழக்கம் திராவிட மொழிகள்ல கிடையாதுன்னு.

அப்படிப்பட்ட மொழிக்குள்ள 'பெட்டர்' வந்தா என்ன ஆகும்? அதுவும் 'பெரிசு' மாதிரி ஒரு சாதா சொல் ஆயிடும். 'இது பெட்டர்', 'அதை விட பெட்டர்', 'இன்னும் பெட்டரா பண்ணலாம்'. தமிழ்ல இது எல்லாமே சரி. இந்த 'இன்னும் பெட்டர்' அப்படியே இங்கிலீஷுக்குப் போனா 'மோர் பெட்டர்'. அங்க மட்டும் தப்பு, ஏன்னா 'பெட்டர்'குள்ளயே ஒரு 'விட' ஏற்கனவே ஒளிஞ்சு உட்கார்ந்திருக்கு.

சரி, வெள்ளைக்காரன் இந்தத் தப்பைப் பண்ணவே மாட்டானா? ஷேக்ஸ்பியர் நாடகங்கள்ல பண்ணியிருக்காங்க மக்களே. 'தி டெம்பெஸ்ட்'லயும் 'ஜூலியஸ் சீசர்'லயும் இந்த மாதிரி இரட்டை ஒப்பீடு வருது. 'மோஸ்ட்'டும் 'எஸ்ட்'டும் ஒரே சொல்லுல சேர்ந்து நிக்கும். அந்தக் காலத்துல அது அழுத்தம் கொடுக்கிற ஒரு வழி, யாரும் சிரிக்கல. 1762ல ராபர்ட் லௌத்னு ஒருத்தர், பின்னாடி லண்டன் பிஷப் ஆனவர், ஒரு இலக்கணப் புத்தகம் போட்டு இரட்டை ஒப்பீடு முறையல்லன்னு எழுதினார். அந்த மாதிரி புத்தகங்களைப் பள்ளிக்கூடங்கள் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் நம்ம ஊர் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்து சேர்ந்துடுச்சு.

இன்னும் கேளுங்க. 'லெஸ்'ங்கிறதே ஒப்பீடு. அதுக்கு மேல ஒரு 'எர்' போட்டு 'லெஸ்ஸர்'. இரட்டை ஒப்பீடு, ஆனா நல்ல இங்கிலீஷ். 'நியர்'? பக்கம்ங்கிறதுக்குப் பழைய சொல் 'நை'. அதோட ஒப்பீடு 'நியர்', அதோட உச்சம் 'நெக்ஸ்ட்'. அதாவது 'நியர்'னாலே 'இன்னும் பக்கம்'. ஜனங்க அதை மறந்துட்டு 'நியரர்'னு இன்னொரு வால் ஒட்டினாங்க. நாம 'பெட்டர்'குள்ள இருக்கிற ஒப்பீட்டை மறந்த மாதிரியேதான்! அவங்க மறந்தா அகராதியில ஏறுது, நாம மறந்தா சிரிப்பு.

இதுல உச்சம், 'சீனியர்'. லத்தீன்ல வயசானவர்ங்கிற சொல்லோட ஒப்பீட்டு வடிவம்தான் சீனியர். 'இன்னும் மூத்தவர்'னு அர்த்தம். ஜூனியரும் அப்படியே, 'இன்னும் இளையவர்'. அதனாலதான் பள்ளிக்கூடத்துல 'சீனியர்'க்கு அப்புறம் 'தேன்' போடாதே, 'டு' போடுன்னு அடிச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க. இப்போ எந்த ஆபீஸ்ல வேணும்னாலும் காதைத் திறந்து வச்சுக் கேளுங்க. 'மோர் சீனியர் பீப்பிள் வேணும்', 'ஹி இஸ் மோர் சீனியர்'. 'மோர் பெட்டர்'க்கும் இதுக்கும் அமைப்புல ஒரு வித்தியாசமும் இல்லை. தம்பியைப் பார்த்துச் சிரிச்ச மேனேஜர் ஒரு நாளைக்கு நாலு தடவை 'மோர் சீனியர்' சொல்லுவார். ஒருத்தரும் சிரிச்சு நான் பார்த்ததில்லை. அவர் மோர் சீனியர் ஆச்சே! ;-)

அப்படின்னா 'மோர் பெட்டர்' சரின்னு சொல்ல வர்றேனா? இல்லவே இல்லை. இன்னைக்கு இங்கிலீஷ்ல அது தப்புதான், இன்டர்வியூவுல சொன்னா அடி விழும். ஆனா அது புத்தி சம்பந்தப்பட்ட தப்பு இல்லை, பழக்கம் சம்பந்தப்பட்ட தப்பு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

*

மூணாவது, பெயர்ச்சொல். இங்க இங்கிலீஷ் ஒரே மொழி இல்லை, ரெண்டு மொழி ஒரே சட்டையில. 1066ல நார்மண்டிக்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சதுக்கு அப்புறம், பிரெஞ்சுச் சொல்லும் அது வழியா லத்தீன் சொல்லும் வெள்ளமா வந்துச்சு. அதனால உள்ளூர் வால் '-னெஸ்' ஒரு பக்கம்: டார்க்னெஸ், கைண்ட்னெஸ். இறக்குமதி வால் '-இட்டி' ஒரு பக்கம்: ரியாலிட்டி, சிம்ப்ளிசிட்டி. இது போதாதுன்னு ரொம்பப் பழைய '-த்' ஒண்ணு: வார்ம்த், ட்ரூத், ஸ்ட்ரெங்த். 'அக்யுரேட்'க்கு அக்யுரசி, 'இம்பார்டன்ட்'க்கு இம்பார்டன்ஸ், 'ஃப்ரீ'க்கு ஃப்ரீடம். இந்த '-இட்டி' வேற உச்சரிப்பையும் கலைச்சு விடும். 'ஸ்டேபிள்'ல அழுத்தம் முதல் அசையில, 'ஸ்டெபிலிட்டி'ல நடுவுல. 'எலக்ட்ரிக்'ல இருந்த 'க்' 'எலக்ட்ரிசிட்டி'ல 'ஸ்' ஆயிடும்.

நம்ம துறையே இந்த '-இட்டி' மேலதான் ஓடுது. ஸ்கேலபிலிட்டி, ரிலையபிலிட்டி, அவைலபிலிட்டி, மெயின்டெய்னபிலிட்டி. மொத்தமா 'இலிட்டீஸ்'னே ஒரு பட்டப்பேர் வச்சிருக்காங்க. இதுக்கு நடுவுல ஒரு பையன் 'ஸ்டேபிள்னெஸ்'னு சொன்னா கண்ணைக் கூசுது நமக்கு. ஆனா '-னெஸ்' கிட்டத்தட்ட எந்தப் பெயரடையோடயும் ஒட்டும், கேக்கறவனுக்கு அர்த்தம் புரியாமப் போகவே போகாது. சரியான வடிவம் மறந்துபோன இடத்துல அது ஒரு நல்ல கைத்தடி.

தமிழ்ல இது தலைகீழ். நம்ம '-மை' இருக்கே, பெருமை, நன்மை, வெண்மை. நம்ம இலக்கணத்துல அந்தப் பெயர்ச்சொல்தான் அடிப்படை. பெருமையும் ஊரும் சேர்ந்து பேரூர் ஆச்சுன்னு பிரிச்சு எழுதி, ஈறு போதல்னு விதியையும் உருப்போட்டோமே, ஞாபகம் இருக்கா? அங்க 'மை'யை வெட்டினா பெயரடை வருது. இங்கிலீஷ்ல பெயரடையோட வாலை ஒட்டினா பெயர்ச்சொல் வருது. அதோட, நம்ம 'ஆன'வும் 'ஆக'வும் ஒட்டறதே பெரும்பாலும் பெயர்ச்சொல்லோடதான்: அழகு, அழகான, அழகா. வேகம், வேகமான, வேகமா. அதனால நமக்கு இங்கிலீஷ்ல வர்ற சொல் பெயர்ச்சொல்லா பெயரடையாங்கிற கவலையே கிடையாது. 'டென்ஷனா இருக்கேன்', 'சூப்பரா இருக்கேன்', ரெண்டும் ஓடும். அதே ஆள் இங்கிலீஷுக்குத் தாவினா 'ஐ யாம் வெரி டென்ஷன்' வருது. எங்கிருந்து வருதுன்னு இப்போ புரியுதா?

*

சாப்ட்வேர்க்காரனா ஒண்ணு கேக்கறேன். ஒரு ரிலீஸ்ல அம்பது பக் இருந்தா நாம என்ன பண்ணுவோம்? எது எவ்ளோ சேதம் பண்ணுதோ அந்த வரிசையில தரம் பிரிப்போம். பட்டன் கலர் தப்பா இருக்கிறதும், பணம் தப்பான அக்கவுன்ட்டுக்குப் போறதும் ஒண்ணா? மொழித் தப்புக்கும் அதே கணக்கைப் போட்டா என்ன? என் வரிசை இதுதான்.

முதல் தரம், அர்த்தத்தைக் கவுக்கறது. 'ஹார்ட்லி' பார்த்துட்டோம். 'லேட்லி'ன்னா லேட்டா இல்லை, சமீப காலமா. 'ரிப்போர்ட் லேட்லி வந்துச்சு'ன்னு மெயில் போட்டா, லேட்டா வந்த புகாரே காணாமப் போயிடும். 'நியர்லி'ன்னா பக்கத்துல இல்லை, கிட்டத்தட்ட. 'ஷார்ட்லி'ன்னா சுருக்கமா இல்லை, சீக்கிரத்துல. கிளையன்ட் கிட்ட 'சுருக்கமா சொல்றேன்'னு நினைச்சுட்டு 'ஐ வில் எக்ஸ்ப்ளெய்ன் ஷார்ட்லி'ன்னா, அந்தாள் நீங்க எப்போ சொல்வீங்கன்னு காத்துட்டு இருப்பார், நீங்க சொல்லி முடிச்சிருப்பீங்க. இந்தத் தப்புகள் கேக்க ஒழுங்கான வாக்கியம் மாதிரியே இருக்கும். அதுதான் ஆபத்து. கேக்கறவனுக்குத் தப்புன்னே தெரியாது, தப்பான சேதியை வாங்கிட்டுப் போயிடுவான்.

ரெண்டாம் தரம், அர்த்தம் புரியும், காது மட்டும் உறுத்தும். மோர் பெட்டர், ஃபாஸ்ட்லி, ஐ யாம் வெரி டென்ஷன். சேதி சேதாரம் இல்லாம போய்ச் சேரும். திருத்திக்கணும், ஆனா தலை போற அவசரம் இல்லை.

மூணாம் தரம், ஸ்டேபிள்னெஸ் வகையறா. 'எர்' போடறதா 'மோர்' போடறதாங்கிற சந்தேகமும் இதுலதான். ஓரசைச் சொல்லுக்கும், 'ஹேப்பி' மாதிரி 'இ' சத்தத்துல முடியற ஈரசைச் சொல்லுக்கும் 'எர்', நீளமானதுக்கு 'மோர்'. பெரும்பாலும் அவ்ளோதான். நடுவுல மாட்டற சில ஈரசைச் சொற்களுக்கு வெள்ளைக்காரங்களே ரெண்டு விதமா சொல்றாங்க.

இப்போ நாம எதுக்குச் சிரிக்கிறோம், பள்ளிக்கூடத்துல எதுக்கு மார்க் வைக்கிறோம்னு பாருங்க. 'மோர் பெட்டர்'க்குத் தனி நகைச்சுவையே ஓடுது. டிகிரிக்கு வருஷா வருஷம் கேள்வி. 'ஹார்ட்'டும் 'ஹார்ட்லி'யும் வேற வேறன்னு என் பள்ளிக்கூட நோட்டுல எங்கேயோ ஒரு மூலையில ஒரு வரி இருந்தது. 'ஷார்ட்லி' இல்லவே இல்லை. முதல் தரத்தைக் கோட்டை விட்டுட்டு ரெண்டாம் தரத்துக்கு அடி அடின்னு அடிக்கிறோம்.

'இதெல்லாம் பேச நல்லா இருக்கும் பாஸு, இன்டர்வியூல எவன் விடுவான்?'னு கேப்பீங்க. நியாயம். விட மாட்டான்தான். அதுக்காகத்தான் சரியா கத்துக்கணும்னு சொல்றேன். கத்துக் கொடுக்க நம்ம கையிலேயே நல்ல கருவி இருக்கு, தமிழ். 'உன் '-ஆ' வர்ற இடத்துல பெரும்பாலும் '-லி' வரும். ஹார்டுக்கும் ஃபாஸ்டுக்கும் வராது, ஏன்னா அங்க வால் தேஞ்சு போச்சு. பெட்டர்குள்ள 'விட' ஏற்கனவே இருக்கு, அதனால இன்னொண்ணு வேணாம்.' இந்த மூணு வாக்கியம் அரை மணி நேரத்துல ஒரு பையன் மண்டையில ஏறிடும், இறங்கவும் இறங்காது. இங்கிலீஷ் வகுப்புல தமிழ் பேசினா ஃபைன்னு வச்சிருக்கிற பள்ளிக்கூடங்களுக்கு இதைச் சொன்னா என்னை வாசல்லயே நிறுத்திடுவாங்க, அது வேற விஷயம்.

'திருத்தாம விட்டா எப்படித் திருந்துவான்?' இதுவும் கேப்பீங்க. திருத்துங்க. ஆனா சிரிப்பு திருத்தாது. சிரிச்சவுடனே அந்தப் பையன் கத்துக்கிறது இலக்கணம் இல்லை, மௌனம். பத்து பேர் முன்னாடி சிரிக்காம, தனியா கூப்பிட்டு, 'நீ சொன்னது இப்படிக் கேட்டுச்சு, இப்படிச் சொல்லு'ன்னா ரெண்டு நிமிஷ வேலை. அதுவும் முதல் தரத் தப்புன்னா அங்கேயே, 'நல்லா உழைச்சேன்னு தானே சொல்றே?'ன்னு ஒரு கேள்வி கேட்டா போதும். சேதியும் காப்பாத்தப்படும், மானமும் காப்பாத்தப்படும். மூணாம் தரம்னா சும்மா விட்டுடுங்க. கேட்டுக் கேட்டு அதுவா சரியாகும்.

அடுத்த தடவை யாராவது 'மோர் பெட்டர்'னு சொல்லி உங்களுக்குச் சிரிப்பு வந்துச்சுன்னா, அவர் சொன்ன விஷயம் உங்களுக்குப் புரிஞ்சுதான்னு மட்டும் கேட்டுப் பாருங்க. புரிஞ்சிருந்தா மொழி தன் வேலையைச் செஞ்சுடுச்சு. மிச்ச வேலை நம்முளுது.

டிஸ்கி: இந்தப் பதிவு ஹார்டா உழைச்சு எழுதினது. ஹார்ட்லி இல்லை. முதல் தரத்துல சேர்க்க வேண்டிய சொற்கள் உங்க கைவசம் இருந்தா பின்னூட்டத்துல போடுங்க, பட்டியலாக்கிப் பசங்களுக்கு அனுப்பலாம். நான் போய் மிச்ச ஆணியைப் புடுங்கறேன், வர்ட்டா?